பந்து ஏன் குழியில் விழவில்லை: பூல் மேசையில் கோளாறு பார்க்கும் முறை

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் நாங்கள் முதலில் அறிகுறியை எழுதிக்கொள்வோம். என்ன சத்தம் வந்தது, எந்த விளக்கு எரிகிறது, எப்போதிலிருந்து இப்படி என்று. ஸ்பேனரைத் தொடுவது அதற்கு அப்புறம்தான். ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் திருப்பவும் மாட்டோம். திருப்பினால் எது கோளாறைத் தீர்த்தது என்று தெரியாமல் போய்விடும்.

வேலை முடிந்து பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்துக்குத் திரும்பியதும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் பூல் கூடத்துக்குப் போவேன். கியூ என்ற நீளக் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது மோதி வண்ணப் பந்தைக் குழியில் விழவைக்கும் மேசை ஆட்டம்தான் பூல். நம் பிள்ளைகள் நிறைய பேர் அங்கே வருகிறார்கள். "அண்ணே, நேராத்தான் அடிக்கிறேன், விழ மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். அவர்கள் செய்கிற ஒரு காரியம் எனக்கு மனவேதனையாக இருக்கும். பந்து இடப்பக்கம் தவறியதென்றால், அடுத்த அடிக்குக் குறியைக் கொஞ்சம் வலப்பக்கம் மாற்றிவிடுகிறார்கள். முதல் குறி சரியாகத்தான் இருந்திருக்கும். கோணலாகப் போனது கை. கோணலான கைக்கு ஏற்றபடி குறியையும் கோணலாக்கினால் இரண்டு தவறும் சேர்ந்து ஒரு பந்தை உள்ளே தள்ளும். வேறு தூரத்தில், வேறு வேகத்தில் அது எடுபடாது. பல வருடம் ஆடியும் முன்னேறாமல் நிற்பவர்களில் பலர் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் நான் பார்க்கும் வரிசை இது: மேசை, பந்து, கியூ, கை, கடைசியில் குறி. கீழே அறிகுறி அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே போகலாம். அதற்கு முன் ஒரு சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

மேசையைக் காலியாக்குங்கள். வெள்ளைப் பந்தை ஒரு முனையில், நீளவாட்டு நடுக்கோட்டின் மேல் வையுங்கள். எதிரே உள்ள குட்டை குஷனின் (மேசை ஓரத்து ரப்பர் தடுப்பின்) மேல் மரத்தில் மூன்று புள்ளிகள் பதித்திருக்கும். நடுப்புள்ளிக்கு நேராக, மிதமான வேகத்தில், வெள்ளையின் மையத்தில் அடியுங்கள். பந்து போய் மோதித் திரும்பி உங்கள் கியூவின் நுனிக்கே வர வேண்டும். அடித்த பின் எழுந்திருக்கக் கூடாது. கியூவை நீட்டியபடியே காத்திருங்கள். பத்து முறை செய்யுங்கள்.

பந்து எதிர்க் குஷனின் நடுவில் சரியாகப் பட்டு, திரும்பும்போது மட்டும் ஒரு பக்கம் ஒதுங்கினால், நுனி மையத்தில் படவில்லை. வலப்பக்கம் ஒதுங்கினால் வெள்ளையின் வலப்பக்கத்தில் அடித்திருக்கிறீர்கள், இடமென்றால் இடம். உங்களுக்குத் தெரியாமலே பந்துக்குச் சுழற்சி கொடுத்திருக்கிறீர்கள். எதிர்க் குஷனுக்குப் போகும்போதே பந்து நடுவை விட்டு விலகினால் கியூ நேர்கோட்டில் போகவில்லை. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

முதல் வகைக்குக் கண்ணைப் பாருங்கள். நம் இரு கண்களில் ஒன்று மற்றதைவிட ஆளுமை கூடியது. தூரத்தில் ஒரு பொருளை விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் இடம் மாறாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் கண். குனியும்போது அந்தக் கண்ணை ஒட்டிக் கியூ வரும்படி தலையை வைத்துப் பாருங்கள். பலருக்கு வெள்ளையின் மையம் அப்போதுதான் சரியாகத் தெரியத் தொடங்கும்.

இரண்டாவது வகை பெரும்பாலும் கியூவின் பின்பக்கத்தைப் பிடிக்கும் பின்கையில் இருக்கிறது. கியூவை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு அதை ஒரு பக்கம் திருப்பிவிடும். சிறு குருவியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் போதும். நுனி வெள்ளையை ஒட்டி நிற்கும்போது முழங்கைக்குக் கீழே உள்ள கை செங்குத்தாகத் தொங்க வேண்டும். கியூவைத் தாங்க மேசையில் ஊன்றும் முன்கை மேடைக்கும் வெள்ளைக்கும் இடையே ஒரு சாண் அளவு இருக்கட்டும். அப்புறம் தலை. எனக்கு ஒரு காலத்தில் நீள அடிகள் எல்லாம் வலப்பக்கமே தவறின. மூன்று மாதம் குறியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கூடத்துக்கு வழக்கமாக வரும் ஒரு சீனப் பெரியவர் கோப்பி குடித்துக்கொண்டே பார்த்துவிட்டு, "அடிக்கும்போது உன் தோள் எழும்புகிறது" என்றார். பந்து விழுகிறதா என்று பார்க்கிற ஆசையில் நான் முன்னாலேயே எழுந்துகொண்டிருக்கிறேன். தலையை அடக்கியதும் பழைய குறியே சரியாக இருந்தது.

அறிகுறி: வெட்டி அடிக்கும் பந்து எப்போதும் தடிப்பாகவே படுகிறது

வண்ணப் பந்து குழிக்குப் போதுமான அளவு திரும்பாமல் நேராகவே போகிறது என்றால், மேலே சொன்ன சோதனையில் நீங்கள் தேறிய பிறகும் இது நடக்கிறது என்றால், இப்போது குறியைப் பார்க்கலாம்.

குழியிலிருந்து வண்ணப் பந்தின் மையம் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது பந்தின் மறுபக்கத்தில் வெளியே வருகிற புள்ளிதான் தொடுபுள்ளி. புதியவர்கள் கியூவை அந்தப் புள்ளிக்கே குறிவைக்கிறார்கள். தவறு அங்கேதான். வெள்ளைக்கும் ஓர் உடம்பு இருக்கிறது. அதன் மையம் அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேருமுன் அதன் விளிம்பு வேறு இடத்தில் முட்டிவிடும், அதுவும் எப்போதும் தடிப்பான பக்கமாக. வெள்ளையின் மையம் போய் நிற்க வேண்டிய இடம் தொடுபுள்ளியிலிருந்து இன்னும் அரைப் பந்து வெளியே இருக்கிறது. பூல் பந்தின் விட்டம் 57.15 மிமீ. ஆகவே மோதும் நொடியில் இரண்டு மையங்களுக்கும் இடையே அதே 57 மிமீ இருக்கும். பழக ஒரு வழி: இன்னொரு பந்தை எடுத்து, குழிக் கோட்டில் வண்ணப் பந்தை ஒட்டிப் பின்னால் வையுங்கள். அது நிற்கிற இடத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டு பந்தை எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தின் மையத்துக்கு அடியுங்கள்.

ஒரு கோணத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெள்ளையின் மையத்தை வண்ணப் பந்தின் விளிம்புக்கு நேராக அனுப்பினால், வண்ணப் பந்து சரியாக 30 பாகை திரும்பும். அரைப்பந்து அடி என்பது இதுதான். மற்ற கோணங்களை இதைவிடத் தடிப்பா மெலிதா என்று ஒப்பிட்டே கற்றுக்கொள்ளலாம்.

வேகமாக அடிக்கும்போது சரியாக விழுந்து, மெதுவாக அடிக்கும்போது மட்டும் தடிப்பாகப் போனால் குறியைத் தொடாதீர்கள். இரு பந்துகள் முட்டும்போது உரசலும் இருக்கிறது. அந்த உரசல் வண்ணப் பந்தை வெள்ளை போகும் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். மெதுவான அடியில் இழுப்பு அதிகம். பந்து அழுக்காக இருந்தால் இன்னும் அதிகம். பந்தைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். அப்படியும் இருந்தால் மெதுவான அடிக்கு மட்டும் மயிரிழை மெலிதாக எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: டக்கென்று சத்தம் வந்து கியூ நழுவுகிறது

மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். சாக் (கியூ நுனியில் பூசும் தூள்கட்டி) இல்லை, டிப் (கியூ நுனியில் உள்ள தோல்) கெட்டுவிட்டது, அல்லது மையத்திலிருந்து மிகவும் விலகி அடிக்கிறீர்கள்.

சாக்கைக் குழிக்குள் திருகுகிற மாதிரி தேய்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதில் நடு மட்டும் பூசப்படும், ஓரம் வெறுமையாக இருக்கும். நழுவுவது ஓரத்தில்தான். பொட்டு வைக்கிற மாதிரி மெல்லத் தடவி, டிப்பைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் நிறம் பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

டிப் வழுவழுவென்று பளபளத்தால் சாக் ஒட்டாது. கூடத்துக் கியூக்களில் பெரும்பாலும் இந்த நிலைதான். உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும். டிப் தட்டையாக இருந்தாலும் கோளாறு. ஒரு சிறு நாணயத்தின் விளிம்பு வளைவு அளவுக்குக் குவிந்திருக்க வேண்டும். டிப் காளான் மாதிரி பக்கவாட்டில் விரிந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இரண்டும் நன்றாக இருந்தும் நழுவினால் அடிக்கும் இடத்தைப் பாருங்கள். மையத்திலிருந்து ஆரத்தின் பாதிக்கு மேல் விலகினால் எப்படிப்பட்ட டிப்பும் நழுவும். பூல் பந்தில் அது ஏறத்தாழ 14 மிமீ. அதற்குள்தான் மேல், கீழ், இடம், வலம் எல்லா விளையாட்டும் நடக்கிறது.

இந்தத் தோல் டிப் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. மங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரியின் பெயரோடு அது சேர்ந்திருக்கிறது. அதற்கு முன் வெறும் மரநுனிதான், மையத்தை விட்டு விலகினாலே வழுக்கும். ஆகவே சுழற்சி என்ற கலையே தோல் டிப்புக்குப் பின்னால் வளர்ந்தது எனலாம். இன்றைய சாக் 1897இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் சேர்ந்து செய்தது. பெயர்தான் சாக், அதில் கரும்பலகைச் சுண்ணாம்பு கிடையாது. மணலில் உள்ள சிலிக்காவும் அரைக்கும் கல்லுக்குப் பயன்படும் அலுமினியம் ஆக்ஸைடும்தான் அதன் பிடிப்புக்குக் காரணம். அது கியூவில் இருக்க வேண்டிய தூள். துணியில் கொட்டினால் உப்புத்தாள் மாதிரி பந்தையும் துணியையும் அரித்துவிடும். மேசை மேல் கியூவை நீட்டிச் சாக் போடாதீர்கள். சாக்கை மேசை ஓரத்தில் வைத்தால் நிறம் பூசும் பக்கம் மேலே இருக்கட்டும்.

அறிகுறி: வண்ணப் பந்து விழுகிறது, வெள்ளையும் கூடவே விழுகிறது

நான் அதிகம் பேர் தவிக்கக் கண்டது இதில்தான். நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிக் காரணமும் உண்டு: கேரம்.

கேரம் பலகை முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு வெட்டுக் கோணம் கையோடு வரும். ஆனால் வெட்டிய பின் ஸ்ட்ரைக்கர் எங்கே போகும் என்ற அந்த உணர்வு இங்கே ஏமாற்றிவிடும். கேரம் காய் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை. எடை கூடியது இடித்தால் இடித்த பிறகும் முன்னாலேயே போகும். அதோடு ஸ்ட்ரைக்கர் வழுக்கிக்கொண்டு போகிறது, உருள்வதில்லை. பூலில் எல்லாப் பந்தும் ஏறக்குறைய ஒரே எடை, 156 முதல் 170 கிராம். அதுவும் உருளும் பொருள். ஆகவே விதி வேறு.

மோதும் நொடியில் வெள்ளை எந்தச் சுழற்சியும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால், மோதிய பின் இரண்டு பந்துகளும் செங்கோணத்தில் பிரியும். வண்ணப் பந்து போகும் கோட்டுக்கு 90 பாகையில் வெள்ளை போகும். நேர் மோதல் என்றால் வெள்ளை அங்கேயே நிற்கும். மோதும் நொடியில் வெள்ளை இயல்பாக உருண்டுகொண்டிருந்தால் கதை வேறு. வண்ணப் பந்தின் கால் பங்கில் படுவதற்கும் முக்கால் பங்கில் படுவதற்கும் இடைப்பட்ட எந்த மோதலிலும் அது தான் வந்த வழியிலிருந்து ஏறத்தாழ 30 பாகை விலகிப் போகும். இவ்வளவு பெரிய இடைவெளிக்குள் கோணம் அதிகம் மாறாது என்பதுதான் இதன் அழகு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சிரமப்படாமல் விரித்தால் கிடைப்பது கிட்டத்தட்ட அதே கோணம். ஒரு விரலை வெள்ளை வந்த திசைக்கு வைத்தால் மற்ற விரல் அது போகப்போகும் திசையைக் காட்டும். அந்த விரல் ஒரு குழியைக் காட்டினால், அடிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

தெரிந்த பிறகு மாற்றுவது எளிது. வெள்ளையைக் கொஞ்சம் தாழ அடித்தால் அது வழுக்கிக்கொண்டு போய் 90 பாகைக் கோட்டுக்கு வரும். குறியை மாற்ற வேண்டியதில்லை, உயரம் மட்டும்தான் மாறுகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் கோரியோலிஸ் இதையெல்லாம் 1835இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். பந்தின் மொத்த உயரத்தில் பத்தில் ஏழு பங்கில், கியூவைப் படுக்கை வாட்டில் வைத்து அடித்தால், பந்து முதல் நொடியிலிருந்தே வழுக்காமல் உருளும். அதற்குக் கீழே எங்கே அடித்தாலும் முதலில் கொஞ்ச தூரம் வழுக்கல் இருக்கும், அப்புறம் துணியின் உரசல் அதை உருட்டிவிடும். அந்த வழுக்கும் தூரத்துக்குள் மோதல் நடக்கிறதா, அதற்கு வெளியேயா என்பதுதான் கேள்வி. ஒரே இடத்தில் அடித்தும் பக்கத்துப் பந்தில் நிற்கிற வெள்ளை, தூரத்துப் பந்தில் முன்னால் ஓடுவதற்குக் காரணம் இதுவே.

அறிகுறி: வெள்ளை பின்னால் வர மாட்டேன் என்கிறது

கீழே அடித்தேன், ஆனாலும் வரவில்லை என்று சொல்கிறவர்களில் பலர் கீழே அடிக்கவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு பட்டைப் பந்தை வெள்ளைக்குப் பதிலாக, பட்டை படுக்கை வாட்டில் வரும்படி வையுங்கள். நிறையச் சாக் போட்டு அடியுங்கள். பந்து நின்றதும் எடுத்துப் பாருங்கள். சாக் தழும்பு பட்டையின் நடுவிலேயே இருக்கும், பட்டையின் கீழ்விளிம்பு பக்கம்கூடப் போயிருக்காது. பந்து மேலே எகிறிவிடுமோ என்ற பயத்தில் கை கடைசி நொடியில் நுனியைத் தூக்கிவிடுகிறது.

அடுத்தது பின்முனை உயர்வு. கீழே அடிக்க வேண்டுமென்று கியூவின் பின்பக்கத்தைத் தூக்குகிறோம். அப்போது நுனி பந்தை மேலிருந்து கீழே அமுக்குகிறது. முன்கை மேடையைத் தாழ்த்துங்கள், உள்ளங்கையைத் துணியோடு படிய வையுங்கள். கியூ எவ்வளவு முடியுமோ அவ்வளவு படுக்கையாக இருக்கட்டும். அப்புறம் அடி. இடித்ததும் நிறுத்திவிடாமல் நுனி வெள்ளை இருந்த இடத்தைக் கடந்து ஒரு கை அகலமாவது போக வேண்டும். பலம் தேவையில்லை. பலமாக அடிக்க நினைத்தாலே பிடி இறுகிவிடும்.

பினாங்கில் இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். குளிர்சாதனம் போடாத கூடத்தில், மழை பெய்த சாயங்காலம், துணி ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போயிருக்கும். பின்சுழற்சி துணியில் உரசி உரசித்தான் தேய்கிறது. ஈரத் துணியில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் மேசைக்கு அடியில் சூடேற்றி வைப்பது துணியை உலர்த்தத்தான். ஆகவே அப்படி ஒரு நாளில் உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்கும் வண்ணப் பந்துக்கும் இடையே ஒரு அடி தூரம் வைத்துப் பழகுங்கள். அது வந்த பிறகு தூரத்தைக் கூட்டலாம்.

அறிகுறி: சைட் போட்டால் மட்டும் தவறுகிறது

வெள்ளையின் இடமோ வலமோ பக்கத்தில் அடித்துச் சுழற்சி கொடுப்பதுதான் சைட். தவறத்தான் செய்யும். வலப்பக்கம் அடித்தால் வெள்ளை முதலில் கொஞ்சம் இடப்பக்கம் விலகிக் கிளம்பும். கியூ சற்றுச் சாய்ந்திருந்தால் போகப் போக வலப்பக்கம் வளையும். மோதும்போது வண்ணப் பந்தையும் கொஞ்சம் இழுத்துவிடும். மூன்று பிழைகள், மூன்றும் வேகத்துக்கும் தூரத்துக்கும் கியூவுக்கும் ஏற்றபடி மாறுபவை. இவற்றை ஈடுகட்ட மனக்கணக்கு எதுவும் போதாது, ஆயிரக்கணக்கில் அடித்துக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். என் கருத்து இது: மேலே சொன்ன பத்து அடிச் சோதனையில் குறைந்தது எட்டு முறை பந்து நேராகத் திரும்பி வரும்வரை சைட் போடாதீர்கள். வெள்ளையை வைக்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவற்றை உயரத்தையும் வேகத்தையும் மாற்றியே எட்டிவிடலாம்.

அறிகுறி: இரண்டு பந்தும் ஒட்டிக்கொண்ட மாதிரி, வெள்ளை எகிறி, அடி கெட்டுப்போகிறது

சரியான குறி, சரியான அடி, ஆனால் சத்தம் மட்டும் மந்தமாக வருகிறது. வெள்ளை லேசாகத் துள்ளுகிறது, வண்ணப் பந்து தடிப்பாகப் போகிறது. ஸ்னூக்கர் ஆட்டக்காரர்கள் இதைக் கிக் என்பார்கள். தொடுபுள்ளியில் சாக் தூள் ஒட்டியிருந்தால் இப்படி ஆகும். ஒருமுறை நடந்தால் விட்டுவிடுங்கள், கையில் குற்றம் இல்லை. அடிக்கடி நடந்தால் பந்துகளைக் கழுவச் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். இன்றைய பந்துகள் ஃபீனால் பிசினால் ஆனவை, இதெல்லாம் தாங்கும். யானைத் தந்தத்தில் பந்து செய்த காலத்தில் இப்படிக் கழுவ முடியாது. தந்தம் ஈரத்தில் உருவம் மாறும், வெடிக்கும். பந்துக்காக யானைகள் அழிந்துகொண்டிருந்தபோது மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று 1860களில் அமெரிக்காவில் அறிவித்தார்கள். ஹயாட் என்பவர் அதைத் தேடிப் போய்த்தான் செல்லுலாய்டை உருவாக்கினார். பிளாஸ்டிக் தொழிலே அங்கிருந்து கிளை விட்டது. தொழிற்சாலையில் ஊசிவார்ப்பு இயந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பந்து நினைவுக்கு வரும்.

அறிகுறி: மெதுவாக உருட்டினால் பந்து தானே வளைகிறது

கியூவை வைத்துவிட்டு கையால் ஒரு பந்தை மிக மெதுவாக மேசையின் நீளத்துக்கு உருட்டுங்கள். அப்புறம் எதிர் முனையிலிருந்து அதே கோட்டில் திருப்பி உருட்டுங்கள். இரண்டு முறையும் சன்னல் பக்கமே சாய்ந்தால் மேசை சன்னல் பக்கம் சரிந்திருக்கிறது. வேறொரு பந்தை உருட்டியும் பாருங்கள். பந்தே கோணலாக இருக்கலாம். மேசையின் அடியில் கனமான ஸ்லேட் கல் இருக்கிறது, 9 அடி மேசையில் பெரும்பாலும் மூன்று துண்டு. பழைய கடைவீட்டு மாடியில் தரை இறங்கினால் கல்லும் இறங்கும். தவுக்கேயிடம், அதாவது கூடத்து முதலாளியிடம், சொல்லுங்கள். மேசை மட்டம் பார்க்கத் தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் கெடும்.

ஸ்னூக்கர் மேசை என்றால் துணியும் ஒரு காரணம். அதில் பூனை முடி மாதிரி ஒரு திசையில் படிந்த இழை உண்டு. ஆட்டம் தொடங்கும் முனையில் உள்ள பாக் கோட்டிலிருந்து கறுப்புப் பந்து பக்கம் நோக்கியே துலக்குவார்கள். மெதுவான பந்தை அந்த இழை தன் வழிக்கு இழுக்கும். பூல் துணி வழுவழுப்பானது, இந்தப் பிரச்சினை இல்லை.

அறிகுறி: பூல் மேசையில் விழும் அடி ஸ்னூக்கர் மேசையில் விழவில்லை

இரண்டும் ஒரே விளையாட்டு என்று நினைத்து வருகிறவர்கள் மனம் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். கையில் கோளாறு எதுவும் இல்லை, வேறு வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள். 9 அடி பூல் மேசையின் ஆடுதளம் 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். ஸ்னூக்கர் மேசை கிட்டத்தட்ட 12 அடிக்கு 6 அடி. பந்து சின்னது, 52.5 மிமீ. டிப்பும் பூலில் 12, 13 மிமீ இருக்க, இதில் 9, 10 மிமீ தான். எல்லாவற்றையும்விடக் குழியின் வாய் வேறு. பூல் குழியின் ஓரம் கூராக வெட்டப்பட்டிருக்கும், கொஞ்சம் உரசினாலும் பந்து உள்ளே போய்விடும். ஸ்னூக்கரில் ஓரம் வளைந்து உருண்டையாக இருக்கும், உரசியது வெளியே வந்துவிடும். பூலில் உங்களுக்குத் தெரியாமல் மன்னிக்கப்பட்ட பிழைகள் இங்கே ஒவ்வொன்றாகத் தெரியவரும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஸ்னூக்கர் மேசையில் ஆடச் சொல்கிறேன். ஒரு கையேட்டைவிட அது நன்றாகக் கோளாறு காட்டும்.

இவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், வளர்ந்த ஊர்கள்தான் வேறு. புல்தரையில் கோலால் பந்தைத் தள்ளி ஆடிய ஒரு விளையாட்டு ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் மேசைக்கு ஏறியது. பச்சைத் துணி அந்தப் புல்லின் நினைவு. குழியே இல்லாத மேசையில் பந்தோடு பந்தை மோதவைக்கும் கேரம் பில்லியர்ட்ஸ் ஒரு கிளை. மூன்றே பந்தும் ஆறு குழியும் உள்ள இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் இன்னொன்று. பூல் என்ற பெயர் ஆட்டக்காரர்கள் சேர்த்துப் போட்ட கூட்டுப் பந்தயப் பணத்தைக் குறித்தது.

ஸ்னூக்கருக்கு வந்தால் கதை நம் பக்கம் திரும்புகிறது. 1875இல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின், அன்றைய பூல் ஆட்டத்தில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடத் தொடங்கினார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள். பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த அனுபவமில்லாத வீரரைக் கேலியாக அழைக்கும் சொல்தான் ஸ்னூக்கர். எளிய பந்தைத் தவறவிட்ட ஒருவரை அவர் அப்படிக் கூப்பிட்டார், பெயர் ஆட்டத்துக்கே ஒட்டிக்கொண்டது. விதிகள் எழுத்து வடிவம் பெற்று 1882இல் மாட்டப்பட்ட இடம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறை. நீலகிரி மலையில், தமிழ்நாட்டில்! சிவப்புக்கு 1, மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7 என்று எண்ணும்போது இதைப் பிள்ளைகளிடம் சொல்வேன். பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த ஊர்ப்பக்கத்து மலையிலிருந்து அந்த விளையாட்டும் புறப்பட்டது என்றால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள். அந்த வழி இங்கேயும் தொடர்கிறது. 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் இடம்பெற்றன.

அறிகுறி: பிரேக் அடித்தால் கூட்டம் கலையவில்லை

அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடிதான் பிரேக். பலத்தைக் கூட்டுமுன் அடுக்கைப் பாருங்கள். முன்பந்துக்கும் அடுத்த இரண்டுக்கும் இடையே தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் வேகம் அங்கேயே செத்துவிடும். எட்டுப்பந்து ஆட்டத்தில் 8 நடுவில், பின்மூலைகளில் ஒன்று முழுநிறம் ஒன்று பட்டை. ஒன்பதுப்பந்தில் 1 முன்னால், 9 நடுவில். அடுக்கு இறுக்கமாக இருந்தும் கலையவில்லை என்றால் முன்பந்தில் முழுமையாகப் படவில்லை. பாதி வேகத்தில் நேராக அடித்துப் பழகி, அப்புறம் கூட்டுங்கள்.

அறிகுறி: குஷனில் அடித்துத் திருப்பும் பந்து குழிக்கு எட்டாமல் முன்னாலேயே குஷனில் படுகிறது

போன கோணத்திலேயே திரும்பும் என்பது மெதுவான, உருளும் பந்துக்குத்தான் ஓரளவு பொருந்தும். வேகம் கூடினால் ரப்பர் அதிகம் அமுங்கிப் பந்தைச் செங்குத்தாகத் துப்பிவிடும். ஒரே வேகத்தில் ஐந்து முறை அடியுங்கள். ஐந்தும் ஒரே அளவு குறைந்தால் மேசையின் குணம் அது, அந்த அளவைக் கூட்டிக்கொள்ளலாம். ஐந்தும் ஐந்து இடத்துக்குப் போனால் மறுபடி பத்து அடிச் சோதனைக்குப் போங்கள்.

அறிகுறி: முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஆடி, பிறகு எல்லாம் தவறுகிறது

முன்கையைத் தொட்டுப் பாருங்கள். வியர்வையில் கியூ விரல்களுக்கிடையே இழுபடத் தொடங்கியிருக்கும். அந்தப் பிசுபிசுப்பை வெல்ல பின்கை தெரியாமலே இறுகும், பழைய கோணல் திரும்பி வரும். பவுடர் போடுவதை நான் விரும்புவதில்லை, அது துணியில் இறங்கி அடுத்தவருடைய ஆட்டத்தைக் கெடுக்கும். மூன்று விரல் கையுறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஈரத்துணியால் கியூவைத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொருமுறை துடையுங்கள். சொந்தக் கியூ வைத்திருந்தால் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். மரம் வளைந்துவிடும். ஒரு கண்ணை மூடி, பின்முனையிலிருந்து நுனிவரை நீளவாட்டில் பார்த்துக்கொண்டே சுழற்றினால் வளைவு தெரியும்.

போன வாரம் பிறை என்ற ஊரிலிருந்து வரும் தம்பி ஒருவன் இதே அறிகுறியோடு வந்தான். குறியை எங்கே மாற்றுவது என்று கேட்டான். போய் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். வந்து, வெள்ளையை நடுக்கோட்டில் வைத்து அடித்தான். மூன்றாவது அடியிலிருந்து பந்து கியூ நுனிக்கே திரும்பி வந்தது.